மேஜரின் சுண்ணாம்புக் கட்டங்கள்

இந்த மேஜரைப் பற்றி இராயபுரத்தில் உலவிய கதைகளை எல்லாம் எழுதப் புகுந்தால் ஒரு நூல் போதாது. அவற்றுள் மெய்யானவற்றை மட்டும் எழுதினால் சில பக்கங்களே மிஞ்சும். நான் அந்தச் சில பக்கங்களையே எழுதுகிறேன். எல்லைப் போரில் அவர் ஒற்றை ஆளாக ஒரு குன்றைப் பிடித்தார் என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார். அடுத்த வாரம் அவரே குன்றுகளை இரண்டாக்கினார். படையணிக்காக மேஜர் உதைத்த பந்து ஒருமுறை கோல் கம்பத்தை முறித்தது என்று எங்கள் கல்லூரி அணியின் கோல்கீப்பர் சொன்னான். அவனுக்குச் சொன்னவர் மேஜர். ஆகவே எனக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டேன். என் கண்ணால் கண்டது, என் கையால் எழுதியது, கலந்து பேசிக்கொள்ளாத இருவர் தனித்தனியே ஒரே வகையாகச் சொன்னது ஆகியவை மட்டும் இங்கே இடம்பெறும். மேஜர் தம்மைப் பற்றித் தாமே சொன்னவை இவற்றுள் எதிலும் அடங்கவில்லை. இதனால் அவருடைய வாழ்க்கை பெரிதும் சுருங்கிவிடுகிறது. அதற்கு நான் பொறுப்பாக மாட்டேன்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நான் படித்த கல்லூரி துறைமுகத்துக்குச் சற்று வடக்கே இருந்தது. அதன் மைதானத்தில் புல்லைவிட நிலக்கரித் தூள் மிகுதி. ஆடி முடித்தவர்களின் முழங்காலுக்குக் கீழே உள்ள நிறத்தை வைத்து எவரையும் அடையாளம் காண இயலாது. உடற்பயிற்சி ஆசிரியர் ஓய்வு பெற்றபோது, மாணவர் படைப் பிரிவைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டிருந்த மேஜரிடம், புதியவர் வரும்வரை கால்பந்து அணியையும் பார்த்துக்கொள்ளுமாறு முதல்வர் கேட்டுக்கொண்டார். புதியவர் வரவே இல்லை. மேஜர் மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொண்டார்.

நான் அணியின் எழுத்தன். எனக்கு ஆட வராது. கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த இரண்டு தகுதிகளையும் மேஜர் முதல் நாளே கண்டுகொண்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். அதற்கு நாளாணை என்று பெயர். அவற்றின் படிகள் இன்றும் என்னிடம் உள்ளன. கீழே ஆணைகளை எடுத்துக்காட்டும்போது நினைவை நம்பி எழுதவில்லை.

கஞ்சியிட்டு விறைத்த அரைக்கால் சட்டை, கக்கத்தில் பிரம்பு, கழுத்தில் ஊதல் என்ற கோலத்தில் மேஜர் மைதானத்தின் ஓரத்தில் நிற்பார். மூன்று ஆண்டுகளில் அவருடைய பாதம் பந்தைத் தொட்டதை நான் ஒரே ஒரு முறை கண்டேன். பந்து உருண்டு வந்து அவருடைய காலணியில் முட்டியது. உதைத்தவன் மைதானத்தை நான்கு முறை சுற்றி வந்தான்.

எங்கள் ஆட்டக்காரர்களில் இருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். மேஜர் இதை முதலில் அவமானமாகவும், பின்னர் வாய்ப்பாகவும் கண்டார். "படைவீரனுக்கு ஆயுதம் துப்பாக்கி. ஆட்டக்காரனுக்கு ஆயுதம் கால். ஆயுதம் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு ஆய்வு செய்யப்படும்." இது அவருடைய மூன்றாம் நாளாணை. அன்றுமுதல் பதினொரு மாணவர்கள் மைதானத்தின் குட்டைச் சுவரில் வரிசையாக அமர்ந்து கால்களை நீட்டினார்கள். மேஜர் பிரம்பின் நுனியால் ஒவ்வொரு விரலையும் விலக்கி நகத்தைப் பார்த்தார். சுவருக்கு அப்பால் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"இன்னா மாமு, காலெல்லாம் பாத்துகினு கீறாரு? கொலுசு வாங்கித் தரப் போறாரா?"

"மெட்டிக்கு அளவு எடுக்கறாரு மச்சி, சும்மா இரு."

மேஜர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆய்வின்போது பேச்சுக்கு இடமில்லை என்பது ஐந்தாம் நாளாணை. சைக்கிள்காரர்கள் அதைப் படித்திருக்கவில்லை.

அவரிடம் படைப் பிரிவின் ஜீப் ஒன்று இருந்தது. தள்ளினால்தான் புறப்படும். எங்கள் அணியின் ஓட்டப் பயிற்சியில் பாதி அந்த ஜீப்பின் பின்னால் நடந்தது என்று நான் துணிந்து சொல்வேன்; தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அவருடைய கால்பந்துக் கொள்கை முழுவதும் அடங்கியது சுண்ணாம்பில்தான். பயிற்சி மைதானத்தைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்துச் சுண்ணாம்புக் கோடு போடச் செய்தார். ஒவ்வொரு கட்டமும் ஒருவனுடைய காவல்நிலை. கோல்கீப்பருக்கு மட்டும் கம்பங்களே கட்டம். கட்டத்தை விட்டு வெளியேறுவது போர்க்களத்தில் காவல்நிலையை விட்டு ஓடுவதற்குச் சமம். திருவொற்றியூர்க் கடற்கரைக்கு எங்களை அழைத்துச் சென்று, ஈரமணலில் மைதானத்தின் மாதிரியைக் கட்டி, சோடாப் புட்டி மூடிகளை ஆட்டக்காரர்களாக நிறுத்தி, இந்தக் கொள்கையை ஒரு மணி நேரம் விளக்கினார். இடையே ஒரு நண்டு வந்து எங்கள் பின்வரிசையை இழுத்துக்கொண்டு வளைக்குள் போயிற்று. எதிரியின் ஊடுருவலை முன்னரே கணிக்க வேண்டும் என்றார் மேஜர். நண்டைத் தவிர எல்லோரும் தலையசைத்தோம்.

இந்தக் கொள்கையை ஏற்க இயலாதவன் ஒருவன் இருந்தான். எங்கள் லெஃப்ட் அவுட்; இடது ஓரத்தில் ஓடி கோல் போட வேண்டியவன். திருவொற்றியூரை ஒட்டிய மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவன். எங்களுள் மிக விரைவாக ஓடுகிறவன். பந்து எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும் கெட்ட பழக்கம் உள்ளவன். ஒருநாள் மேஜர் ஊதலை ஊதி அவனை நிறுத்தினார்.

"உன் கட்டம் எது?"

"அது சார்."

"நீ எங்கே நிற்கிறாய்?"

"பந்து கோட்டத் தாண்டி வந்துடுச்சே சார்."

"பந்துக்கு ஒழுங்கு கிடையாது. உனக்குமா கிடையாது?"

அவன் மைதானத்தைச் சுற்ற ஓடினான். அப்போதும் மற்றவர்களைவிட விரைவாகவே ஓடினான். மேஜர் அதையும் திமிராகவே எடுத்துக்கொண்டார்.

கட்டங்களோடு ஆடிய முதல் ஆட்டத்தில், எதிரணியினர் கால் மணி நேரத்துக்குள் உண்மையைக் கண்டுகொண்டனர். எங்களில் இருவருடைய கட்டங்கள் சந்திக்கும் இடத்தில் பந்தோடு நின்றால் இருவருமே நெருங்க மாட்டார்கள்; பக்கத்துக் கட்டத்துக்காரன் வருவான் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஐந்து கோல் வாங்கினோம். ஒருவனும் தன் நிலையை விட்டு நகரவில்லை என்று மறுநாள் நாளாணையில் பாராட்டப்பட்டோம்.

மூன்றாம் ஆண்டில் நாங்கள் கல்லூரிகளுக்கிடையிலான கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டினோம். அது எப்படி என்று வாசகர் வியக்கக் கூடும். முன் சுற்றுகள் நடந்தபோது மேஜர் வெளியூரில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தார். அவர் இல்லாமல் நான்கு ஆட்டங்கள் ஆடி நான்கிலும் வென்றோம். இறுதியாட்டத்துக்கு முந்திய நாள் திரும்பி வந்தவர், தம் பயிற்சி பலனளித்துவிட்டது என்று முதல்வரிடம் சொன்னார். நான் அருகில் நின்றிருந்தேன்.

லெஃப்ட் அவுட்டுக்கு அந்த ஆட்டம் கோப்பையைப் பற்றியது அன்று. எண்ணூரில் ஒரு தொழிற்சாலை தன் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. தேர்ந்தவனுக்கு நிரந்தர வேலை. அதன் விளையாட்டு அதிகாரி, முன் சுற்று ஒன்றைப் பார்த்துவிட்டு, இறுதியாட்டத்தில் எங்கள் லெஃப்ட் அவுட்டை இன்னொரு முறை பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பையனின் தகப்பனார் படகுக்கும் கரைக்கும் இடையே சிக்கித் தோளெலும்பு முறிந்தவர். கையைத் தலைக்கு மேல் தூக்க இயலாது. தாய் கூடையில் மீன் சுமந்து விற்பவர். எங்கள் கல்லூரி வாசல் வழியே போகும்போது என்னைக் கண்டால் நிறுத்திப் பேசுவார்.

"ஃபேக்டரில எட்துகினாங்கன்னா அம்மனுக்குக் கூழ் ஊத்தறேன்னு வேண்டிகினு கீறேன் தம்பி. வூட்டுக்கு ஒர்த்தன் கடல்ல ஒட்சுகினது போதும்."

இறுதியாட்டத்துக்கு முந்திய மாலை அவன் மேஜரிடம் வந்து நின்றான்.

"சார், நாளைக்குக் காலைல எங்க பெரிய வலை சார். வூட்டுக்கு ஒர்த்தன் கயித்துல நிக்கணும். நைனாவால முடியாது. ஏழரைக்கெல்லாம் முட்சுட்டு ஓடியாந்துடறேன்."

இதை விளக்க வேண்டும். பெரிய வலை என்பது கரையிலிருந்தே இழுக்கும் வலை. படகொன்று அதை அரைவட்டமாகக் கடலில் விரித்துவிட்டு வரும். கரையில் இரண்டு வரிசை ஆட்கள் இரு முனைக் கயிறுகளையும் இழுப்பார்கள். குப்பத்து விதிப்படி முறை வந்த நாளில் ஆள் அனுப்பாத வீட்டுக்கு அந்தப் பருவம் முழுவதும் மீனில் பங்கு கிடையாது. எந்த நாள் என்பதை நீரோட்டம் பார்த்து முந்திய நாள்தான் சொல்வார்கள்.

"ஆறு மணிக்குக் கால் ஆய்வு," என்றார் மேஜர்.

"காலு எங்க சார் பூடப் போவுது? ஏழரைக்கும் இதே காலுதான் கீது."

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவனைக் கெடுத்தது. "கால் ஆய்வுக்கு வராதவன் பெயர் அணியிலிருந்து நீக்கப்படும்" என்று மேஜர் சொல்ல, என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

மறுநாள் ஆறு மணிக்குச் சுவரில் பத்து இணைக் கால்கள் நீண்டிருந்தன. மேஜர் பத்தையும் பார்த்தார். பதினோராவது இடத்தில் வெறுஞ்சுவரையும் சற்று நேரம் பார்த்தார். சிவப்புப் பென்சிலால் பெயரை அடித்தார். பிறகு, நிலையை விட்டு ஓடியவனைப் பிடித்து வருவதும் அதிகாரியின் கடமை என்று அறிவித்து, என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார். இறுதியாட்டம் ஆட வேண்டிய பத்துப் பேரும் ஜீப்பைத் தெருக்கோடிவரை தள்ளினார்கள்.

நாங்கள் கரையில் இறங்கியபோது வலை பாதி வந்திருந்தது. பெரிய வலையை இழுப்பவர்கள் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கயிற்றைப் பிடித்தபடி எல்லோரும் பின்னோக்கி நடப்பார்கள். கரைமேட்டை எட்டிய கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு நீர் விளிம்புக்கு ஓடி வந்து முதல் ஆளாகப் பிடிப்பான். அவனுக்குப் பின் அடுத்தவன். இப்படி ஓடி ஓடித்தான் வலை வரும். லெஃப்ட் அவுட் அப்போதுதான் கரைமேட்டில் கயிற்றை விட்டுவிட்டு ஓடத் தொடங்கினான். மேஜரின் கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

"நிலையை விட்டு ஓடாதே! பிடி கயிற்றை!"

கூடையோடு காத்திருந்த அவனுடைய தாய் திரும்பினார். "யார்ரா இவுரு, காலங்காத்தால கூவிகினு கீறாரு?"

"எம்மா, எங்க மேஜர் சாரும்மா!" என்றான் மகன், ஓடிக்கொண்டே.

"மேஜரா? அப்போ எங்களுக்கு இன்னாத்துக்கு ஆர்டர் போடறாரு? மீனுங்களுக்குப் போடச் சொல்லு. தானா வரிசையா கரையேறட்டும்."

கயிற்றில் நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். கயிறு ஒரு முழம் கடலுக்குள் போயிற்று. மேஜர் பிரம்பை என்னிடம் கொடுத்தார். முறையாக எப்படி இழுப்பது என்று காட்டப் போவதாகச் சொன்னார். நீர் விளிம்பில் காலணியைப் பதித்துக் கயிற்றைப் பற்றி, "ஒன்று! இரண்டு!" என்று எண்ணினார். எவரும் எண்ணிக்கைக்கு இழுக்கவில்லை. ஆனால் அவரும் அவர்களோடு பின்னோக்கி நகர்ந்தார். நகர்ந்து கரைமேட்டை எட்டினார். அங்கே கயிற்றை விட வேண்டும். மேஜர் விடவில்லை. நிலையை விடக் கூடாது என்பது அவர் இட்ட ஆணை. தம் ஆணைக்குத் தாமே கீழ்ப்படிந்தார் என்பதை நான் மறைக்க மாட்டேன். மணல்மேட்டைத் தாண்டி, காய வைத்திருந்த கட்டுமரத்தில் முதுகு இடித்து, கயிற்றின் வாலைப் பிடித்தபடி அவர் தனியே நின்றபோது, வலை வெகு தொலைவில் கரையேறிவிட்டிருந்தது.

"நைனா, வல வந்துடுச்சு! இன்னும் யார இஸ்துகினு கீற?" என்று ஒருவர் கத்தினார்.

மீன் பங்கிட்டபோது லெஃப்ட் அவுட்டின் தாய் கவலை என்னும் சிறு மீனை ஒரு கை அள்ளி மேஜரிடம் நீட்டினார். கயிற்றைத் தொட்டவனுக்குப் பங்கு உண்டு என்பது கரையின் விதி. அதிகாரி எதையும் பெறக் கூடாது என்றார் மேஜர்.

"லஞ்சமா குடுக்கறோம்? நீ இஸ்ததுக்குப் பங்கு. வாங்கிக்காம போனா எங்களுக்குத்தான் அசிங்கம்."

மேஜர் வாங்கி என் கைக்குட்டையில் கட்டினார். அதை அவர் உண்டாரா என்பது சரிபார்க்கப்படவில்லை. கைக்குட்டை திரும்பி வரவில்லை.

அதன் பிறகே அந்தத் தாயின் குரல் மாறியது. ஒருமை போய்விட்டது. "சார், இன்னிக்கு ஆட்டத்துல அவன வுட்டுடாதீங்க சார். எண்ணூர் ஆபீசரு இவனப் பாக்கத்தான் வர்றாரு. இத வுட்டா அவனுக்கும் கட்டமரந்தான்."

"ஆணை எழுதப்பட்டுவிட்டது, அம்மா."

"எழுதுன கையி உங்க கையிதான சார்?"

மேஜர் என்னைப் பார்த்தார். எழுதிய கை என்னுடையது. நான் மணலைப் பார்த்தேன். ஆய்வுக்கு வராத காரணம் மெய்யென்று நேரில் கண்டதால் தண்டனை பாதியாகக் குறைக்கப்படுகிறது என்றார் மேஜர். ஆட்டத்தில் இரண்டு பாதிகள் உள்ளன. முதல் பாதியில் அவன் வெளியே இருப்பான், இரண்டாம் பாதியில் ஆடுவான். இவ்வளவு நேர்த்தியாகக் கணக்கிட்ட நீதியை நான் அதற்குப் பின் எங்கும் கண்டதில்லை.

அன்று மாலை ஆட்டம் தொடங்கியபோது எண்ணூர் அதிகாரி முன்வரிசை நாற்காலியில் இருந்தார். லெஃப்ட் அவுட் என் பக்கத்தில் தரையில் அமர்ந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மைதானத்தில் எங்களவர்கள் பத்துப் பேர் மட்டும் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களுக்குள் ஒழுங்காக நின்றார்கள். எதிரணி ஒரு கோல் போட்டது. இடைவேளை நெருங்கியபோது அதிகாரி எழுந்து என்னிடம் வந்தார்.

"அந்த லெஃப்ட் அவுட் ஏன் ஆடலை?"

"இரண்டாம் பாதியில் வருவான், சார்."

"எனக்கு ஷிஃப்ட் பஸ் போயிடும்பா." தம் சிறு குறிப்பேட்டில் ஏதோ எழுதினார், என்ன என்பதை நான் பார்க்கவில்லை. வாசலை நோக்கி நடந்துவிட்டார். அவன் எழுந்து இரண்டு அடி அவர் பின்னால் போனான், பிறகு நின்றுவிட்டான்.

"பூட்டாரா?" என்றான்.

இரண்டாம் பாதியில் அவன் கட்டத்தை மறந்தான், மற்றவர்களும் மறந்தார்கள். பின்னால் நின்றவன் முன்னே ஓடினான், முன்னே நின்றவன் பின்னே வந்தான். காலையில் கரையில் கயிற்றை இழுத்தது போலவே இருந்தது. "கட்டம்! கட்டம்!" என்று மேஜர் கோட்டோரமாக ஓடிக்கொண்டே கூவினார். லெஃப்ட் அவுட் இரண்டு கோல் போட்டான். இரண்டையும் தன் கட்டத்துக்கு வெளியிலிருந்து போட்டான். நாங்கள் வென்றோம். முதல்வர் மேஜரின் கையைக் குலுக்கினார். அடுத்த நாளாணை இது: "வெற்றி ஒழுங்கினால் கிட்டியது. இரண்டாம் பாதியில் நேர்ந்த மீறல்கள் இம்முறை மன்னிக்கப்படுகின்றன."

கோப்பையை எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். லெஃப்ட் அவுட் மட்டும் வாசலருகே நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"இத வச்சிகினு இன்னா பண்றது? சோறு வடிக்கவா?" என்றான். அப்போது மேஜர் எங்களுக்குப் பின்னால் நின்றார். கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன், நினைப்பு சான்றாகாது.

திங்கட்கிழமை காலை, கால் ஆய்வு நடக்கவில்லை. மேஜர் முழுச் சீருடையில் வந்து, என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எண்ணூருக்குப் போனார். தொழிற்சாலை வாயிலில் என்னை வெளியே இருக்கச் சொன்னார். காவல்காரர் அவரைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்; மேஜர் கூச்சலிடாமல் நின்றார். அவர் எதற்காகவும் கூச்சலிடாமல் நின்றதை நான் அன்றுதான் கண்டேன். உள்ளே போனவர் அரை மணி நேரம் கழித்துத் திரும்பினார். தொப்பி கையில் இருந்தது. காவல்காரரும் நானும் ஜீப்பைத் தள்ளினோம். உள்ளே நடந்ததைப் பற்றி நாளாணை எதுவும் வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து லெஃப்ட் அவுட்டுக்கு எண்ணூரிலிருந்து அழைப்பு வந்தது. வேலையில் சேர்ந்தான், பல ஆண்டுகள் அந்த அணிக்கு ஆடினான். மேஜருக்கு அந்த மாதமே இடமாற்றம் வந்தது, எவரிடமும் விடைபெறவில்லை. அவன் வேலையில் சேர்ந்த வாரம் அவனுடைய தாய் கல்லூரி வாசலில் என்னை நிறுத்தினார்.

"அவுரு சொல்லித்தான் எட்துகினாங்களா தம்பி?"

"தெரியலைம்மா."

"கூடப் போனவன் நீ. படிச்ச புள்ள. தெரியலன்றியே!"

லெஃப்ட் அவுட்டும் தொழிற்சாலையில் பலரிடம் விசாரித்திருக்கிறான். அதிகாரி வேறோர் ஊருக்குப் போய்விட்டார். அன்று உள்ளே இருந்தவர்கள் யார் என்று சொல்ல ஆளில்லை. மேஜர் அவனுக்காகப் பரிந்து பேசியிருக்கலாம். அவன் ஒழுங்கு மீறுகிறவன், எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு வந்திருக்கலாம். நான் அறிந்த மேஜருக்கு அது இயல்பே. எவரையும் பார்க்க இயலாமலே திரும்பியிருக்கலாம். அதிகாரி குறிப்பேட்டில் எழுதியதே போதுமானதாக இருந்திருக்கலாம். இவற்றுள் எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.